பேய்க்கணவாய் விருந்து: எத்தனை கிலோ வாங்குவது?

பத்துப் பதினைந்து பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, இந்த முறை கோழியும் வேண்டாம் இறைச்சியும் வேண்டாம், ஒக்டோபஸ் போடுவோம் என்று ஆசைப்படுகிற ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதைப் பேய்க்கணவாய் என்பார்கள், சாக்குக்கணவாய் என்றும் சொல்வார்கள், சந்தையில் இப்போது பாதிப்பேர் ஒக்டோபஸ் என்றே கேட்கிறார்கள். எந்தப் பெயரில் வாங்கினாலும் சட்டிக்குள் போனதும் அது செய்கிற வேலை ஒன்றுதான்: பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.

இதை நான் படித்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. கனடாவிலிருந்து மாமா குடும்பம் வந்திருந்தது, எல்லாமாகப் பதினான்கு பேர். மீன் கறி வைக்கிற கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, ஒன்றரைக் கிலோ போதும், வேண்டுமானால் மிஞ்சும் என்று முல்லைத்தீவில் வாங்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தேன். கழுவிச் சட்டிக்குள் போடும்போது சட்டி நிறையத்தான் இருந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்தால், கத்தரிப்பூ நிறத்தில் முக்கால் சட்டிக்குத் தண்ணீர், அதற்கு நடுவில் கால்களைச் சுருட்டிக்கொண்டு ஒரு கைப்பிடிப் பொருள். நிறுத்துப் பார்த்தேன், 650 கிராம். கறிக்கு வேறு மச்சம் ஒன்றும் சமைக்கவில்லை, முட்டை மட்டும் அவித்திருந்தோம். மாமி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னா, "தம்பி, கறி திறம், ஆனா கணவாயைத் தேடிப் பிடிக்கக் கண்ணாடி போடவேணும் போல கிடக்கு." அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. அதற்குப் பிறகுதான் ஒரு சின்னத் தராசு வாங்கி, ஒவ்வொரு முறையும் பச்சை நிறையையும் அவிந்த நிறையையும் சுவரில் தொங்குகிற கலண்டரில் எழுதத் தொடங்கினேன். கீழே வருகிற எண்கள் அந்தக் கலண்டரிலிருந்து வந்தவை.

முதலில் கணக்கு

கடையிலிருந்து தொடங்கவேண்டாம், சாப்பிடுகிற ஆளின் கோப்பையிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஆளின் கோப்பையில் அவிந்த துண்டாக எவ்வளவு விழவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கிப் போனால் கடையில் எவ்வளவு கேட்கவேண்டும் என்பது தானாக வரும்.

முழுதாக வாங்கின 1 கிலோ பேய்க்கணவாயில் குடல், மை, கண், அலகு எல்லாம் எடுத்தால் 850 முதல் 900 கிராம் மிஞ்சும். அதை அவித்தால் அதில் பாதி தண்ணீராக இறங்கிவிடும். கடைசியில் கையில் இருப்பது 400, நல்ல நாளில் 450 கிராம். ஆகவே அவிந்த நிறையை இரண்டரையால் பெருக்கினால் வாங்கவேண்டிய நிறை. இந்த இரண்டரையை மட்டும் மறக்காதீர்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், அது விருந்தில் என்ன வேலைக்கு வருகிறது என்பதைப் பார்க்கவேண்டும். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, கூடவே கோழியோ மீனோ இருக்கிற விருந்தில் இதுவும் ஒரு கறி என்றால் ஒரு ஆளுக்கு அவிந்த துண்டு 80 கிராம் தாராளம், அதாவது வாங்கும்போது 200 கிராம். வேறு மச்சமே இல்லை, இதுதான் கறி என்றால் 140, 150 கிராம் வேண்டும், அதற்கு 350 முதல் 375 கிராம் வாங்கவேண்டும். பின்னேரம் ஆண்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருக்கும்போது கொறிக்கக் கொடுக்கிற பொரியல் என்றால் 50 கிராம் போதும் என்று புத்தகக் கணக்குச் சொல்லும், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு கோப்பை முடிந்தால் அடுத்த கோப்பை கேட்பார்கள், அதனால் அங்கே நான் ஆளுக்கு 150 கிராம் பச்சையாக வாங்குவேன். கூழுக்குள் போடுவதென்றால் நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை என்று ஆயிரம் சாமான் இருப்பதால் ஆளுக்கு 75 கிராமே தாராளம், கூழுக்குள் யாரும் கணவாயை எண்ணுவதில்லை.

தராசு இல்லாத வீட்டுக்கு இன்னொரு வழி. 1 கிலோ நிறையுள்ள ஒன்றை அவித்தால் ஒரு கால் ஏறக்குறைய 40 கிராம் வரும். எட்டுக் கால். ஒரு ஆளுக்கு இரண்டு கால் என்றால் நாலு பேர், தலையை வெட்டினால் ஐந்தாவது ஆளுக்கும் சரி. ஆக, மற்றக் கறிகளும் இருக்கிற விருந்தில் 1 கிலோக்காரன் ஒருவன் ஐந்து பேருக்கு. இரண்டு கிலோக்காரனுக்கும் எட்டுக் கால்தான், அதனால் காலை எண்ணுகிற கணக்கு 1 கிலோப் பருமனுக்கு மட்டும்தான் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி ஆக்களை எண்ணுங்கள். இதுதான் பலர் பிழைவிடுகிற இடம். இருபது பேர் வருகிறார்கள் என்றால் இருபது பேருக்கும் பேய்க்கணவாய் தேவையில்லை. அதில் இரண்டு பேர் மச்சம் சாப்பிடாத ஆக்கள், நாலு பேர் உறிஞ்சிகளைப் பார்த்ததும் முகம் சுளிக்கிற பிள்ளைகள், ஒருவர் "பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு கோழிப் பக்கம் போகிறவர். மிச்சம் பதின்மூன்று. எங்கள் ஊரில் கூப்பிட்ட ஆள் தனியாக வருவது குறைவு, தம்பியையோ பக்கத்து வீட்டுப் பெடியனையோ மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் வருவார், அதற்கு இரண்டு பேரைக் கூட்டினால் பதினைந்து. 15 பேருக்கு ஆளுக்கு 80 கிராம், மொத்தம் 1200 கிராம் அவிந்த துண்டு. இரண்டரையால் பெருக்கினால் 3 கிலோ. கடையில் 3 கிலோ கேட்பீர்கள், முடிந்தால் 1 கிலோப் பருமனில் மூன்று.

பரிமாறுவது யார் என்பதும் கணக்கைக் கூட்டிக் குறைக்கும். வீட்டுக்காரர் அகப்பையைப் பிடித்துப் பந்தியில் போட்டால் 3 கிலோ காணும். மேசையில் வைத்து அவரவர் எடுக்கட்டும் என்று விட்டால் முதல் எட்டுப் பேர் நல்ல துண்டெல்லாம் எடுத்துவிடுவார்கள், கடைசி ஆளுக்குக் குழம்புதான், அப்படியானால் இன்னொரு அரைக் கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது

சிரிக்கவேண்டாம், இதற்கும் நாள் பார்க்கவேண்டும். வெள்ளிக்கிழமை வைத்தால் பாதிப்பேர் மரக்கறிதான். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நேரம், கந்தசஷ்டி நேரம், ஐயப்பனுக்கு மாலை போடுகிற காலம், இந்த நாட்களில் மூன்று கிலோ வாங்கி வைத்தால் நீங்களும் பூனையும்தான் சாப்பிடவேண்டும். முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் சாப்பிடுவீர்களா என்று முதலே ஒரு சொல் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் ஓம் என்பார்கள், என்றாலும் கேட்பது மரியாதை. இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிக்கிற ஆக்கள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கணவாய் வகையும் ஒத்துவராது, சிலருக்கு மூச்சே இழுக்கும், அவர்களுக்குத் தனிக்கறி, தனி அகப்பை.

ஞாயிறு மத்தியானம் விருந்து என்றால் ஞாயிறு காலை சந்தைக்குப் போய் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். கரையோரத்துக் கத்தோலிக்கக் கிராமங்கள் பலவற்றில் சனி இரவு கடலுக்குப் போகமாட்டார்கள், ஞாயிறு காலை பெட்டி பாதி வெறுமையாக இருக்கும்.

காற்றும் ஒரு கணக்கு. வாடை பெயர்ந்து மழை பிடித்தால், கார்த்திகை மார்கழியில், முல்லைத்தீவுப் பக்கம் கடல் கொந்தளிப்பு, படகு இறங்காத நாட்கள் கனக்க. அந்த நேரம் மேற்குப் பக்கம், மன்னார், விடத்தல்தீவு, பூநகரிப் பக்கம் விசாரிக்கலாம். வைகாசிக்குப் பிறகு சோளகம் தொடங்கினால் மேற்கில் கரைச்சல், கிழக்கு அமைதி. எந்தப் பக்கம் காற்று என்று பார்த்துவிட்டு மற்றப் பக்கத்து ஆளுக்குப் போன் எடுங்கள்.

உண்மையைச் சொன்னால் இந்தத் தலையிடி எல்லாவற்றுக்கும் ஒரு மருந்து இருக்கிறது: ஒரு கிழமைக்கு முதலே வாங்கி உறைய வைப்பது. மீனை உறைய வைத்தால் ருசி போய்விடும் என்று எங்கள் அம்மம்மா காலத்திலிருந்து ஒரு பிடிவாதம் இருக்கிறது, மீனுக்கு அது சரிதான், ஆனால் பேய்க்கணவாய்க்கு நேர்மாறு. தசைக்குள் இருக்கிற தண்ணீர் ஐஸாகும்போது நார்களைக் குத்திக் கிழிக்கிறது, பிறகு அவிக்கும்போது கெதியாக மிருதுவாகிவிடும். கிரேக்க நாட்டு மீனவர்கள் இதைப் பாறையில் அடி அடியென்று அடிப்பதும் இதே காரியத்துக்குத்தான். அடிக்கிற வேலையைப் பிரிட்ஜ் செய்துதரும்போது ஏன் மினக்கெடவேண்டும். குறைந்தது இரண்டு நாள் உறையட்டும். கரண்ட் அடிக்கடி நிற்கிற இடமென்றால் பெட்டியை அடிக்கடி திறக்காமல் வையுங்கள், ஒருமுறை இளகிக் குழைந்ததைத் திரும்ப உறைய வைக்கவேண்டாம்.

கடையில்

சந்தையில் இது எப்போதும் குவிந்து கிடக்கிற சாமான் கிடையாது. பாருள்ள பக்கத்தில் சுழியோடுகிற ஆக்கள் பிடிப்பார்கள், வலையிலும் ஒன்றிரண்டு வரும். பெரியவற்றை ஏற்றுமதிக்கு எடுக்கிற ஆக்கள் வாடியிலேயே நிறுத்து வாங்கிவிடுவதால் சந்தைக்கு வருவது பெரும்பாலும் நடுத்தரமும் சின்னதும். மூன்று கிலோவுக்கு மேல் தேவையென்றால் இரண்டு மூன்று நாளுக்கு முன்னமே தெரிந்த மீன்கார அண்ணையிடம் சொல்லிவையுங்கள். சொல்லும்போது கிலோவை மட்டும் சொல்லாமல் பருமனையும் சொல்லுங்கள்: "அண்ணை, சனிக்கிழமைக்கு மூண்டு கிலோ வேணும், ஒவ்வொண்டும் ஒரு கிலோவுக்குக் கிட்ட." ஏனென்றால் 2 கிலோவில் ஒன்றும் கால் கிலோவில் நாலும் தந்தால் கணக்குச் சரி, சமையல் பிழை. சின்னது கரைந்துபோகும் நேரத்தில்தான் பெரியது அவியத் தொடங்கும்.

இன்னொரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: நிறுத்த பிறகு வெட்டுவதா, வெட்டின பிறகு நிறுப்பதா? சுத்தம் செய்து நிறுத்துத் தருகிறார் என்றால் இரண்டரைக்குப் பதிலாக இரண்டால் பெருக்கினால் போதும், 3 கிலோ தேவையான இடத்தில் 2.4 கிலோ. பெட்டியில் உறைந்தபடி வருகிற சாமானில் மேலே ஐஸ் படலம் இருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் நிறை, ஆகவே பத்தில் ஒரு பங்கு கூட வாங்குங்கள்.

நல்லதா பழசா என்று பார்ப்பது கஷ்டமில்லை. கடல் மணம் இருக்கவேண்டும், மூத்திர மணம் போல மூக்கில் குத்தினால் அப்படியே திரும்பி வாருங்கள். தோல் ஒட்டியிருக்கவேண்டும், தொட்டதும் உரிந்து கையோடு வந்தால் பழசு. வழுவழுப்பு தெளிவாக இருக்கவேண்டும், மஞ்சளித்துக் கலங்கியிருக்கக்கூடாது. அன்றைக்குக் கரைக்கு வந்ததென்றால் விரலால் அழுத்தின இடத்தில் புள்ளி புள்ளியாக நிறம் ஓடி மறைவதைக்கூடப் பார்க்கலாம், செத்த பிறகும் கொஞ்ச நேரம் தோல் அப்படி விளையாடும்.

ஒரேயொரு எச்சரிக்கை. பிள்ளைகளோடு கரையில் நடக்கும்போது குளத்துத் தண்ணீர் போலத் தேங்கின இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ஒன்று, உடம்பில் நீல வளையங்களோடு கண்ணில் பட்டால் தொடவேண்டாம். அதன் விஷம் ஆளைக் கொல்லும், அவித்தாலும் போகாது.

கொண்டுவருவது பற்றியும் சொல்லவேண்டும். முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் வெறும் சொப்பிங் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால், சித்திரை வெயிலில் பரந்தன் சந்தி வரமுதலே பாதி அவிந்துவிடும். ஒரு ரெஜிபோம் பெட்டி, சாமான் எவ்வளவோ அவ்வளவு ஐஸ். பேய்க்கணவாயைப் பைக்குள் கட்டிவிட்டு ஐஸுக்குள் வையுங்கள், ஐஸ் உருகின நல்ல தண்ணீரில் ஊறினால் நிறமும் ருசியும் கழுவுப்பட்டுப் போகும்.

சுத்தம் செய்வது

தலையணை உறையைத் திருப்புவது போலத் தலையைத் திருப்புங்கள், உள்ளே இருப்பதை எல்லாம் இழுத்து எடுங்கள், மைப்பையை உடைக்காமல். கண்ணிருக்கிற பட்டையை வெட்டி வீசுங்கள். கால்கள் கூடுகிற நடுவில் கிளிச்சொண்டு போல ஒரு அலகு இருக்கும், அடியிலிருந்து பெருவிரலால் தள்ளினால் வெளியே துள்ளும். பிறகு ஒரு பிடி கல்லுப்பைப் போட்டு உடுப்புத் தோய்க்கிற மாதிரிக் கசக்கி மூன்று நாலு தண்ணீரில் கழுவுங்கள், உறிஞ்சிகளுக்குள் மண் இருக்கும், ஒவ்வொரு காலாக விரலை ஓட்டிப் பாருங்கள். தோலை உரிக்கவேண்டாம். உரித்தால் நிறையும் போகும் நிறமும் போகும்.

அவிப்பது

இங்கேதான் புதிதாகச் செய்கிற ஆக்கள் பயப்படுவார்கள், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, பொறுமைதான் தேவை. ஓட்டுக்கணவாயும் ஊசிக்கணவாயும் சமைத்துப் பழகின ஆக்கள் ஐந்து நிமிடத்தில் இறக்கப் பார்ப்பார்கள். இது அந்தச் சாதி கிடையாது. ஐந்து நிமிடத்தில் இறக்கினால் மோட்டார் சைக்கிள் ரியூப்பைச் சப்புகிற மாதிரி இருக்கும்.

அவிக்கிற நாளுக்கு முதல் நாள் இரவே உறைந்ததை எடுத்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், குசினி மேசையில் வைத்து இளக விடவேண்டாம். 3 கிலோ முழுதாக இளக ஒரு இரவு முழுக்க வேண்டும், சில நேரம் அதற்கு மேலும்.

அடி தடித்த சட்டியை எடுத்து, தண்ணீரே விடாமல், உப்பே போடாமல், முழு மிருகங்களையும் அப்படியே போட்டு மூடி, மெல்லிய நெருப்பில் வையுங்கள். தண்ணீர் விடாமலா என்று முதல்முறை என் தங்கச்சியும் கேட்டாள். பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். சட்டியின் அடியில் ஊதாத் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது, கால் நுனிகள் ஒவ்வொன்றாகப் பூவிதழ் போல மேல்நோக்கிச் சுருண்டுகொண்டிருந்தன, சாம்பல் நிறமாக இருந்த தோல் சிவந்துகொண்டு வந்தது. இருபதாவது நிமிடத்தில் மிருகம் தன் தண்ணீரிலேயே மிதந்தது. 3 கிலோவிலிருந்து ஒரு லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் இறங்கும், நீங்கள் காசு கொடுத்து வாங்கின நிறை போகிற இடம் அதுதான்.

1 கிலோப் பருமன் என்றால் முக்கால் மணித்தியாலத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். மணிக்கூட்டை நம்பவேண்டாம், முள்ளுக்கரண்டியை நம்புங்கள்: கால் தலையோடு சேர்கிற தடித்த இடத்தில் குத்தினால், அவிந்த உருளைக்கிழங்கில் இறங்குகிற மாதிரிக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் கூடிவிட்டது, தோல் கழன்று துண்டு நார் நாராகப் போகும். உறைய வைக்காமல் பச்சையாக வாங்கினதென்றால் இன்னும் அரை மணித்தியாலம் கூட எடுக்கலாம். குக்கரில் என்றால் ஒரு கோப்பை தண்ணீர் விட்டு, விசில் வந்த பிறகு நெருப்பைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். காஸ் மிச்சம், ஆனால் இடையில் திறந்து பார்க்க முடியாது என்பதால் நான் விருந்துக்கு குக்கரைப் பாவிப்பதில்லை. பப்பாசிக்காய்த் துண்டு போடுகிற வழக்கமும் இருக்கிறது, வெளிப்பக்கம் களியாகி உள்ளே அப்படியே இருந்ததைக் கண்டபிறகு நான் விட்டுவிட்டேன்.

அவிந்ததும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஆறவிடுங்கள், சூட்டோடு வெளியே எடுத்தால் காய்ந்து சுருங்கும். ஆறினதும் நிறுத்துப் பாருங்கள். இது விருந்துக்கு முன் கிடைக்கிற கடைசிச் சந்தர்ப்பம். 1200 கிராம் எதிர்பார்த்த இடத்தில் 950 நின்றால் இப்போதே தெரிந்துவிடும், கடையும் திறந்திருக்கும், ஒரு கோழியோ இன்னும் பத்து முட்டையோ வாங்க நேரமிருக்கிறது. இதனால்தான் அவிக்கிற வேலையை முதல் நாள் பின்னேரம் அல்லது விடியவே முடித்துவிடுங்கள் என்கிறேன். முதல் நாளே அவித்தால் ஆறினதும் பிரிட்ஜுக்குள் வைக்கவேண்டும், மேசையில் விடிய விடியக் கிடக்கக்கூடாது.

கறி

கறித்தூள் போடும்போது மூன்று கிலோ வாங்கினேன் என்ற நினைவைத் தூக்கி எறியுங்கள். தூள், உள்ளி, தேங்காய்ப்பால் எல்லாம் அவிந்த நிறைக்குத்தான் கணக்கு. நான் ஒருமுறை மூன்று கிலோவுக்குத் தூள் போட்டு, பிள்ளைகள் தண்ணீர்க் குடத்தைச் சுற்றி நின்ற கதை வேறு. 1200 கிராம் துண்டுக்கு எங்கள் வீட்டுத் தூள் நாலு மேசைக்கரண்டி, பெரிய தேங்காய் ஒன்று, சின்ன வெங்காயம் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. துண்டு ஏற்கெனவே அவிந்திருப்பதால் முதலில் வெங்காயம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, தூளும் கப்பிப்பாலும் விட்டுக் குழம்பை நன்றாகக் கொதிக்க வைத்து, தூள் மணம் போன பிறகு துண்டைப் போட்டுப் பத்து நிமிடம் பிரட்டி, கடைசியில் முதற்பால், ஒரு பிடி முருங்கையிலை, சரக்குத்தூள், இறக்கியபின் தேசிக்காய். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், அதைத் தனியாக வற்றவைத்துக் குழம்புக்குள் விட்டால்தான் கடல் மணம் நிற்கும், ஆனால் அதற்குள் உப்பு இருக்கிறது, விட்டு ருசி பார்த்த பிறகுதான் உப்புப் போத்தலைத் தொடவேண்டும்.

வெட்டும்போது காலை ஒரு விரல் அகலத்துக்குச் சரிவாக வெட்டுங்கள், தலையை நீளப் பட்டையாக. மிகச் சின்னதாக வெட்டினால் கறிக்குள் தொலையும், மாமி சொன்ன கண்ணாடி தேவைப்படும்.

எண்ணினது பிழைத்து இருபது பேர் இருபத்தைந்தாக வந்தால், உருளைக்கிழங்கோ மரவள்ளிக்கிழங்கோ அவித்து அதே குழம்புக்குள் போடுங்கள். மரவள்ளி குழம்பைக் குடித்துக்கொள்ளும், ஆகவே ஒரு கோப்பை கப்பிப்பால் கூட விடுங்கள். சோற்றுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு சுண்டு அரிசி, இந்தக் கறி இருக்கிற நாளில் இரண்டு சுண்டு கூடப் போடுவோம், குழம்புக்காகவே இரண்டாம்முறை சோறு கேட்பார்கள்.

பரிமாறும்போது ஒரு சின்னத் தந்திரம். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் மேசைக்குக் கொண்டுபோகாமல் மூன்றில் ஒரு பங்கைக் குசினியில் வைத்துக்கொள்ளுங்கள், பிந்தி வருகிற ஆளுக்கும், சமைத்த ஆளுக்கும். சமைத்த ஆளுக்கு மிஞ்சாமல் போன விருந்துகள் எங்கள் வீட்டில் பல.

மிச்சமிருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் போகவேண்டும், அடுத்த நாளைக்குள் முடிக்கவேண்டும். சூடாக்கும்போது ஒரு கொதி போதும், திரும்பவும் அரை மணித்தியாலம் கொதிக்க வைத்தால் துண்டு நார் நாராகப் போகும். குழம்பை வற்றவிட்டுத் தாச்சியில் பிரட்டலாக எடுத்து, காலையில் வெதுப்பகத்துப் பாணைச் சூட்டோடு பிய்த்து அதற்குள் தோய்த்துச் சாப்பிடுவதற்காகவே நான் இப்போது கணக்கில் அரைக் கிலோ கூட எழுதுகிறேன்.